கம்மீஸில் இரும்பு எங்கே?

மருந்துக்கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ குழந்தைகளுக்கான மல்ட்டிவைட்டமின் கம்மீஸ் பாட்டிலைப் பார்த்தால், முன்பக்கத்துக் கரடியையும் ஸ்ட்ராபெரியையும் விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். வைட்டமின் ஏ, சி, டி, ஈ, பி6, பி12, துத்தநாகம், அயோடின், பயோட்டின் என்று வரிசையாக இருக்கும். பெரும்பாலான பாட்டில்களில் இரும்புச்சத்து மட்டும் இருக்காது. கால்சியம் இருந்தாலும் பேருக்குத்தான் இருக்கும்.

இது விசித்திரமானது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) சொல்லும் கணக்குப்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை இருக்கிறது. இந்தியக் குழந்தைக்கு ஏதேனும் ஒரு சத்தைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது இரும்புதான். இரும்பு உப்புகள் விலை உயர்ந்தவையும் அல்ல. ஆனாலும் ‘மல்ட்டி’ என்று பெயர் சூட்டிக்கொண்ட பொருளில் அதற்கு இடமில்லை.

காரணத்தைத் தெரிந்துகொள்ள, கம்மி மிட்டாய் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

பாகும் பதமும்

சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் கரைந்த ஒரு கெட்டிக் கரைசலை, நீண்ட மூலக்கூறுகளின் வலைப்பின்னல் ஓடவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. அதுதான் கம்மி. கடித்தால் இழுபடுவதும் விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புவதும் அந்த வலையின் வேலை. அதைப் பின்னுவதற்குத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் இரண்டு பொருள்களையே நம்புகின்றன.

ஒன்று ஜெலட்டின். பன்றித்தோல், மாட்டுத்தோல், எலும்பு ஆகியவற்றில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து எடுக்கப்படுவது. அதன் பிடிப்பை அளக்கும் கருவிக்கு அமெரிக்கரான ஆஸ்கர் ப்ளூம் 1925-ல் காப்புரிமை பெற்றார். ஜெலட்டின் கரைசலைக் குளிரவைத்து உறையச் செய்து, அதன்மேல் ஒரு சிறு உருளையை 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த எத்தனை கிராம் எடை தேவை என்று பார்ப்பதுதான் சோதனை. இன்றும் ஜெலட்டின் மூட்டைகள் அந்த ‘ப்ளூம்’ எண்ணைத் தாங்கியே விற்பனைக்கு வருகின்றன. கம்மிக்கு 200-க்கு மேற்பட்ட ப்ளூம் உள்ள வகையை வாங்குவார்கள்.

மற்றொன்று பெக்டின். 1825-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி பிராக்கோனோ இதற்குப் பெயரிட்டு விவரித்தார். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலிலிருந்தும் சாறு பிழிந்த ஆப்பிள் சக்கையிலிருந்தும் பிரித்தெடுக்கிறார்கள். சைவ உணவு என்று காட்டும் பச்சைப் புள்ளி வேண்டும் என்று நினைக்கும் நிறுவனத்துக்கு ஜெலட்டின் ஆகாது; பெக்டின்தான் வழி. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கம்மீஸில் பல பெக்டினில் செய்தவை.

பெக்டினைக் கையாள்வது கொஞ்சம் நுணுக்கமான வேலை. நேரே வெந்நீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். உள்ளே உலர்ந்த மாவு, வெளியே வழுவழுப்பான தோல் என்று உருண்டை உருண்டையாக மிதக்கும். அதனால் முதலில் சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து, கொதிக்கும் நீரில் தூவிக் கரைப்பார்கள். பிறகு மீதிச் சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் சேர்ந்து கொதிக்கும். நூறு கிராம் பாகில் கிட்டத்தட்ட 78 கிராம் கரைந்த திடப்பொருளாக இருக்கும்வரை நீர் ஆவியாக வேண்டும். அதன் பிறகு வண்ணம், நறுமணம், வைட்டமின்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில் சிட்ரிக் அமிலக் கரைசல்.

அமிலம் கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. பி.எச். அளவு ஏறக்குறைய மூன்றரைக்கு இறங்கினால்தான் கம்மிக்குப் பயன்படுத்தும் வகைப் பெக்டின் உறையும். இறங்கிய உடனே உறையத் தொடங்கிவிடும். அப்போது பாகின் வெப்பம் 85-90 டிகிரி செல்சியஸ். மைசூர்பாகு கிளறுபவர் தட்டில் கொட்டும் நேரத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே; இங்கேயும் அமிலம் விழுந்த பிறகு சில நிமிடங்களுக்குள் மொத்தப் பாகையும் அச்சில் ஊற்றி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் குழாயிலேயே உறைந்துவிடும். ஜெலட்டின் உறைந்தால் சூடாக்கி உருக்கிக்கொள்ளலாம். இந்தப் பெக்டினுக்கு அப்படி இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

அச்சு என்பதும் பல ஆலைகளில் உலோகமோ சிலிகோனோ அல்ல, சோள மாவுதான். தட்டு நிறைய உலர்ந்த மாவைப் பரப்பி, கரடி வடிவில் குழி பதித்து, அதில் பாகை ஊற்றுவார்கள். உலர் அறையில் ஒரு நாள், இரண்டு நாள் இருக்கும்போது மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பின்னர் மாவைச் சலித்து, உலர்த்தி, மறுபடி பயன்படுத்துவார்கள். மிட்டாய்க்கு இது அருமையான ஏற்பாடு. அதே மாவில் இன்று வைட்டமின் கம்மியும் நாளை தூக்கத்துக்கான மெலட்டோனின் கம்மியும் வார்த்தால், ஒன்றின் மிச்சம் மற்றொன்றில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் சத்துப்பொருள் ஆலைகள் பல சிலிகோன் அச்சுக்கு மாறிவருகின்றன.

இந்தச் செய்முறையில் கம்மிக்கு உயிர்கொடுப்பவை மூன்று: வெப்பம், அமிலம், நீர். உள்ளே போகும் சத்துகளில் பலவற்றுக்கு இந்த மூன்றுமே பகை. மாத்திரை தயாரிப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. உலர்ந்த பொடியை அழுத்தினால் அவர் வேலை பெரும்பாலும் முடிந்தது.

இடமே இல்லை

முதல் சிக்கல் கொள்ளளவு. ஒரு கம்மியின் எடை சாதாரணமாக 2.5 முதல் 4 கிராம். 3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வைட்டமின் டி, பி12 போன்றவை மைக்ரோகிராம் கணக்கில் தேவைப்படுபவை; எத்தனை சேர்த்தாலும் கம்மிக்குத் தெரியாது. கால்சியத்தின் கதை வேறு.

வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி. கால்சியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரை. அதில் பாதியை மட்டும் கொடுக்க நினைத்தாலும் 500 மி.கி. வேண்டும். கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் 40 சதவீதம்தான் என்பதால் 1.25 கிராம் சுண்ணப்பொடியை உள்ளே போட வேண்டும். மூன்று கிராம் மிட்டாயில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சுண்ணாம்பு! வலைப்பின்னல் அறுந்து, கடித்தால் உதிரும்.

எடையோடு விஷயம் முடிவதில்லை. கார்பனேட் சிட்ரிக் அமிலத்தைச் சந்தித்தால் கார்பன் டை ஆக்சைடு குமிழிட்டு நுரைக்கும். பெக்டினை உறையவைக்க ஊற்றிய அமிலம் அங்கேயே செலவாகிவிடும். கரையக்கூடிய கால்சியம் உப்பைப் போட்டால் வேறொரு வம்பு. கால்சியம் அயனிகள் பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கக்கூடியவை. நேரத்துக்கு முன்பே பாகு திரிதிரியாகக் கட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் தப்பிக்கக் கரையாத கால்சியம் பாஸ்பேட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது வேதியியல் ரீதியாகச் சாது. ஆனால் மாவு மாவாக நாக்கில் தட்டுப்படும். பாகுத் தொட்டியில் இடைவிடாமல் கலக்காவிட்டால் அடியில் தங்கும். அப்படித் தங்கினால் முதலில் வார்த்த கம்மியில் ஒரு அளவும் கடைசியில் வார்த்ததில் வேறொரு அளவும் இருக்கும்.

மக்னீசியமும் இதே ரகம். ஆக்சைடில் 60 சதவீதம் மக்னீசியம் உண்டு, இடம் மிச்சம். ஆனால் அது காரத்தன்மை உடையது, அமிலத்தைத் தின்றுவிடும். சிட்ரேட் பாகோடு ஒத்துப்போகும். ஆனால் அதில் மக்னீசியம் 16 சதவீதம் அளவுக்குத்தான். கூடவே கசப்பு. ‘ஒரு வேளைக்கு நான்கு கம்மி’ என்று சில பாட்டில்கள் சொல்வதன் பின்னணி இதுதான்.

இரும்பின் குணம்

இரும்புக்கு இடப் பிரச்சினை இல்லை. 10 மி.கி. இரும்புக்கு 30 மி.கி. ஃபெரஸ் ஃப்யூமரேட் போதும். இங்கே சிக்கல் குணத்தில்.

முதலில் சுவை. கரையும் இரும்பு உப்பு நாக்கில் பட்டதும் துரு நக்கியது போன்ற உலோகச் சுவை எழும். மாத்திரையை விழுங்கிவிடுகிறோம், கம்மியை மெல்ல வேண்டும். எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அந்தச் சுவை வாயில் தங்கும்.

அடுத்தது அக்கம்பக்கம். இரும்பு அயனி ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் வினையூக்கி. பக்கத்தில் வைட்டமின் சி இருந்தால் அதைச் சிதைக்கும். மீன் எண்ணெய் இருந்தால் அதைச் சிக்கு நாற்றம் எடுக்கவைக்கும். பழங்களிலிருந்து எடுத்த இயற்கைச் சிவப்பு நிறத்தைக் கருக்கும். மூலிகைச் சாறு சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய பழைய வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட். கடுக்காயின் டேனினோடு அது சேர்ந்தால் கிடைப்பது கறுப்பு மை. திரிபலா கம்மியில் இரும்பையும் சேர்க்க நினைப்பவர் மை மிட்டாய்தான் செய்வார்.

இரும்புத்துகளுக்குக் கொழுப்பு உறை போட்டுவிடலாமே என்றால், அதற்கும் செய்முறை குறுக்கே நிற்கிறது. இத்தகைய உறைகளில் பல 60-70 டிகிரியில் உருகிவிடுபவை. பெக்டின் பாகு 90 டிகிரியை ஒட்டி நிற்கிறது. உறை பாத்திரத்திலேயே கரைந்துபோகும். ஆகவே ஃபெரிக் பைரோபாஸ்பேட் என்ற வெளிறிய, அதிகம் கரையாத உப்பை நாடுகிறார்கள். அதற்குச் சுவை குறைவு, வம்பும் குறைவு. வழக்கமான வடிவில் அது உடலில் சேர்வதும் ஃபெரஸ் சல்பேட்டைவிடக் குறைவு. துகளை மிக நுண்ணியதாக அரைத்தும் வேறு பொருள்களுடன் சேர்த்தும் அந்தக் குறையைச் சரிசெய்ய முயன்றுவருகிறார்கள். அப்படி வந்த சில இரும்புக் கம்மீஸ் சந்தையிலும் இருக்கின்றன.

சுவையையும் வேதியியலையும் வென்றாலும் மூன்றாவது காரணம் அப்படியே நிற்கிறது: பாதுகாப்பு. உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி. இரும்பைத் தாண்டினால் குழந்தைக்கு நச்சு அறிகுறிகள் தோன்றலாம், 60 மி.கி.யைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்மி ஒன்றுக்கு 10 மி.கி. வீதம் 60 கம்மி உள்ள பாட்டிலில் 600 மி.கி. இரும்பு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை முழுப் பாட்டிலையும் தின்றால் கிலோவுக்கு 60 மி.கி. கசக்கும் மாத்திரையைக் குழந்தை இரண்டாவது கடியில் துப்பிவிடக்கூடும். இனிப்பைத் துப்ப அதற்கு என்ன அவசியம்? மாத்திரையையே துப்பாமல் விழுங்கிய குழந்தைகளும் உண்டு: அமெரிக்காவில் சிறு குழந்தைகளின் நச்சு மரணங்களுக்கு இரும்பு மாத்திரைகள் முக்கியக் காரணமாக இருந்ததால்தான், 1997-ல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அவற்றில் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. கம்மியின் கவர்ச்சி எதுவோ, அதுவே இரும்புக்கு அதைப் பொருத்தமற்றதாக்குகிறது.

எண்ணெய், உயிர், மூலிகை

மீன் எண்ணெயின் டி.எச்.ஏ. கொழுப்பு அமிலத்தில் ஆறு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆக்சிஜன் தாக்குவதற்குத் தோதான இடம். தாக்கினால் பிறக்கும் ஆல்டிஹைடுகளை மூக்கு மிகச் சிறு அளவிலேயே கண்டுபிடித்துவிடும். கூடவே எண்ணெய் பாகில் கரையாது. நுண்துளிகளாகச் சிதறடித்துப் பிடித்து வைக்க வேண்டும். அளவு கூடினால் எண்ணெய் கசிந்து மிட்டாய் மினுமினுக்கும். சாதாரண ஆயிரம் மி.கி. மீன் எண்ணெய்க் குளிகையில் சுமார் 300 மி.கி. ஒமேகா-3 இருக்கும்போது, கம்மியில் பெரும்பாலும் சில பத்து மி.கி.யோடு நிற்பதற்குக் காரணம் இதுதான்.

தயிரில் உள்ள லாக்டோபேசில்லஸ் போன்ற நுண்ணுயிர்களைக் கம்மியில் உயிரோடு வைக்க முடியுமா? 85 டிகிரிப் பாகில் அவை சாகும். ஆறிய பிறகு மேலே தூவினாலும், கம்மியின் ஈரம் அவற்றை மெல்லக் கொல்லும். நன்கு உலர்ந்த நிலையில்தான் அவை மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். இங்கே தொழில்நுட்பம் ஒரு மாற்று வழியைக் கண்டது. பேசில்லஸ் கோவாகுலன்ஸ் என்ற இனம் கெட்டியான வித்துறைக்குள் சுருண்டுகொண்டு சூட்டையும் அமிலத்தையும் தாங்கும். புரோபயாடிக் கம்மியின் பின்பக்கத்தில் அடிக்கடி அந்தப் பெயர் தென்படுவது, அது மற்றவற்றைவிட நல்ல கிருமி என்பதற்காக அல்ல. அந்தக் கொப்பரையில் பிழைப்பது அதுதான்.

மூலிகைகளின் தொல்லை தனி ரகம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தமிழகத்தின் தோல் பதனிடும் தொழிலில் நெடுங்காலம் பயன்பட்டவை. அவற்றிலுள்ள டேனின் தோலின் கொலாஜனைப் பற்றிப் பிணைத்து, அழுகாத தோலாக மாற்றும். ஜெலட்டின் என்பதும் அதே கொலாஜனிலிருந்து வந்ததுதான். டேனின் நிறைந்த கடுக்காய்ச் சாற்றையோ பச்சைத் தேயிலைச் சாற்றையோ ஜெலட்டின் பாகில் ஊற்றினால் அதே வேலை பாத்திரத்துக்குள் நடக்கும். பாகு கலங்கி நாராகத் திரியும். பச்சை அன்னாசி, பப்பாளி நொதிகளோ நேர் எதிராக ஜெலட்டினை வெட்டிப்போட்டு, உறையவே விடாது. அசுவகந்தாவுக்குக் கசப்பும் வாடையும். மஞ்சளின் குர்க்குமின் நீரில் கரையாது. வெளிச்சம் பட்டால் வெளுக்கும்.

உடற்பயிற்சி செய்வோர் தேடும் கிரியேட்டினும் இந்தப் பட்டியலில் சேரும். உலர்ந்த பொடியாக அது ஆண்டுக்கணக்கில் கெடாது. நீரும் அமிலமும் சேர்ந்த இடத்தில் மெல்ல மெல்லக் கிரியேட்டினின் என்ற பயனற்ற பொருளாக மாறிவிடும். நாளுக்கு 3 முதல் 5 கிராம் வேண்டிய பொருளை 3 கிராம் மிட்டாயில் அடைப்பது எப்படி என்பது வேறு கேள்வி.

அட்டையும் உள்ளடக்கமும்

இத்தனையும் தாண்டிக் கம்மி பாட்டிலுக்குள் போன பிறகும் வேதியியல் ஓய்வதில்லை. உலர்ந்த மாத்திரையைவிடக் கம்மியில் ஈரம் பல மடங்கு அதிகம். நூற்றுக்கு 15-20 பங்கு நீர். வைட்டமின் சி, ஃபோலிக் அமிலம், தயமின் முதலியவை மாதந்தோறும் தேயும். காலாவதி தேதியன்றும் அட்டையில் போட்ட அளவு இருக்க வேண்டும் என்பதால், தேயப்போவதைக் கணக்கிட்டு முன்கூட்டியே கூடுதலாகப் போடுவது இந்தத் தொழிலின் வழக்கம். அதாவது, புதிதாக வந்த பாட்டிலில் அட்டை சொல்வதைவிட அதிகம் இருக்கலாம். நீரில் கரையும் வைட்டமின்களில் இது பெரும்பாலும் தீங்கற்றது. உடலில் சேர்ந்துகொள்ளும் வைட்டமின் ஏ போன்றவற்றில், ஒன்றுக்கு மூன்றாகத் தின்னும் குழந்தைக்கு இது முக்கியம்.

கணக்கு எவ்வளவு தவறலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2023 ஏப்ரலில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், அமெரிக்காவில் விற்கும் 25 மெலட்டோனின் கம்மி தயாரிப்புகளைச் சோதித்தார்கள். 22-ல் அட்டை சொன்னதும் உள்ளே இருந்ததும் பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபட்டன. ஒன்றில் மெலட்டோனினே இல்லை. மற்றவற்றில் அட்டை அளவின் 74 சதவீதத்திலிருந்து 347 சதவீதம் வரை இருந்தது. அலட்சியமும் இதில் இருக்கலாம். ஆனால் தேயும் பொருள், படியும் பொடி, நிமிடங்களில் உறையும் பாகு என்ற மூன்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்துவது எளிதல்ல என்பதையும் இந்த எண்கள் காட்டுகின்றன.

நம் ஊருக்கென்று ஒரு சிரமமும் உண்டு. ஜெலட்டின் 35 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மூடிய டெலிவரி வேனுக்குள் வெப்பம் அதைத் தாண்டும். பாட்டிலைத் திறந்தால் கரடிகள் ஒரே கட்டியாக இருக்கும். பெக்டின் கம்மி சூட்டைத் தாங்கும். ஆனால் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் சர்க்கரை நீரை உறிஞ்சி வியர்க்கும்; மேற்பூச்சு கரைந்து ஒட்டும். வைட்டமின்கள் இரண்டிலுமே வேகமாகத் தேயும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

கம்மீஸ் ஏமாற்று வேலை அல்ல. மாத்திரை விழுங்க முடியாத குழந்தைக்கும் முதியவருக்கும், மைக்ரோகிராமில் தேவைப்படும் வைட்டமின் டி, பி12 போன்றவற்றைக் கொடுக்க அது ஏற்ற வடிவம். நூற்றுக்கணக்கான மில்லிகிராமிலோ கிராம் கணக்கிலோ தேவைப்படும் கால்சியம், மக்னீசியம், கிரியேட்டின் ஆகியவற்றுக்கு அது பொருந்தாத வடிவம். இரும்புக்கு அது ஆபத்தும் சேர்ந்த வடிவம். ரத்தசோகையைத் தடுக்க வளரிளம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் 60 மி.கி. இரும்பு கொண்ட நீல மாத்திரை செய்யும் வேலையைப் பழச்சுவை மல்ட்டிவைட்டமின் கம்மி செய்யாது. அதைக் கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மாத்திரையை விட்டுவிடுவதுதான் பெரிய இழப்பு.

வாங்குபவர்கள் நான்கு விஷயங்களைப் பார்த்தால் போதும். அட்டையில் உள்ள அளவு ஒரு கம்மிக்கா, ஒரு வேளைக்கான இரண்டு மூன்று கம்மிக்கா? அந்த எண்ணிக்கையில் சர்க்கரை எத்தனை கிராம்? குறிப்பிட்டிருப்பது தனிமத்தின் எடையா, உப்பின் எடையா? காலாவதிக்கு இன்னும் எத்தனை மாதம்? வாங்கிய பிறகு ஈரமில்லாத, குளிர்ந்த, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இன்னொன்று: குழந்தையிடம் அதை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். மருந்து என்றே சொல்லிக் கொடுங்கள்.